முதல் நூறு மெகாபைட்

ஆஸ்பத்திரியில் எனக்குக் கறார் என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான் என்றாலும் என் காதுக்கு எட்டாமல் இல்லை. எட்டியபோது உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிற ஒருத்தி குழைந்துகொண்டிருந்தால், பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதித் திரையிலேயே ஒட்டிவைக்கிற டாக்டர்களை யார் மேய்ப்பது? நோயாளிகள் சம்பந்தப்பட்ட எதுவும் யாருடைய லேப்டாப்பிலும் இருக்கக் கூடாது, பாஸ்வேர்ட் கொடுத்தால்தான் திறக்கும்படி பூட்டுப்போட்ட டிஸ்க் ஒன்றில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கலாம், அதையும் சீக்கிரம் என் சர்வருக்கு மாற்றிவிட வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான். அந்தச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த ஒரே ஆள் பேச்சு டீச்சர். நாசமாய்ப் போக, வேறு யாராவது இருந்திருந்தால் கொஞ்சம் ஏமாற்றியிருப்பார்கள்.

பேச்சு டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கும் தொண்டையில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் மறுபடி பேசப் பழக்குகிற பெண்மணி. குரல்வளையை முழுக்க எடுக்கப்போகிறவர்களை அவர் முன்கூட்டியே உட்காரவைத்து, நூற்றுக்கணக்கில் வாக்கியங்களைப் படிக்கச்சொல்லிப் பதிவு செய்வார். பிற்பாடு அந்த ஆள் ஒரு டேப்லெட்டில் எதை எழுதினாலும், அவருடைய சொந்தக் குரலிலேயே அது பேசும். மெஷின் குரலில் இல்லை, அவர் குரலில்.

அந்த மாதம் உட்கார்ந்தவர் என் அத்தான்.

என் அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இருபத்திரண்டு வருஷமாக, கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். எதிரே லாரி வந்தாலும் டீ வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் "லேசா இடது பக்கம் ஒடிங்க" என்பார். நான் அவரிடம் கற்றுக்கொண்டு மூன்று முறை டெஸ்டில் கோட்டைவிட்டேன். மூன்று முறையும் அந்தக் குரல் ஒரு இம்மி ஏறவில்லை. அக்கா அவரைக் கல்யாணம் செய்துகொண்டதே அந்தக் குரலுக்காகத்தான் என்று வீட்டில் கேலி செய்வோம். அக்கா மறுத்ததில்லை.

அந்தக் குரல்வளையில்தான் கட்டி. முழுதாக எடுத்தே ஆக வேண்டும் என்று தொண்டை டாக்டர் சொல்லிவிட்டார். சொன்ன வாரத்திலேயே பேச்சு டீச்சர் வேலையை ஆரம்பித்தார். பத்து நாள், ஆயிரத்து இருநூறு வாக்கியம். போதாததற்கு மூன்று விதமான சிரிப்பு: மெல்லச் சிரிப்பது, வாய்விட்டுச் சிரிப்பது, மாமியார் முன்னால் அடக்கிக்கொண்டு சிரிப்பது. மூன்றாவது அத்தானே கேட்டுப் பதிவு செய்தது. அக்கா தினமும் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பதிவு முடிந்ததும் டீச்சர் எல்லாவற்றையும் பூட்டுப்போட்ட ஒரு டிஸ்கில் ஏற்றி, லேப்டாப்பில் இருந்ததை அழித்து, அழித்தேன் என்று என் ரிஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டார். டிஸ்க் என் அலமாரிக்கு வந்தது.

சர்வரில் இடம் இல்லை. புது டிஸ்குகள் வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் அத்தானின் குரல் தேய்ந்துவிட்டது. முதலில் கரகரப்பு, பிறகு பாதி வார்த்தை காற்றாகப் போவது. நல்லவேளை முன்னாடியே எடுத்துவைத்தோம் என்று நாங்கள் எல்லோரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது டிஸ்குகள் இரண்டையும் சர்வரில் பொருத்தினேன். பதிவுகள் இருந்த டிஸ்கையும் அப்போதே ஒயரில் சொருகி சர்வரின் தலைமேல் வைத்தேன், திங்கட்கிழமை வந்ததும் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று. மெஷின் தன்னிடம் உள்ள டிஸ்குகளை ஏ, பி, சி, டி என்று எழுத்து வைத்துத்தான் கூப்பிடும். ஏ பழைய டிஸ்க். புதியவை இரண்டும் பி, சி. பதிவுகள் இருந்தது டி. அதைப் பார்த்து, திங்கட்கிழமை அடிக்க வேண்டிய கமாண்டுகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஏதோ அப்டேட்டை ஏற்றிக்கொண்டு சர்வர் தானாகவே ஒருமுறை நின்று கிளம்பியிருக்கிறது. அப்படிக் கிளம்பும்போது எழுத்துகள் இடம் மாறலாம். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லித்தருகிற பாடம் அது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆபரேஷன். அக்கா என்னைக் கூடவே இருக்கச் சொன்னாள். பத்து மணிக்குள் ஒரு வேலையை முடித்துவிட்டு மாடிக்கு வந்துவிடுகிறேன் என்றேன். அத்தான் தியேட்டருக்குள் போவதற்கு முன்னால் அவர் குரல் பத்திரமாக சர்வருக்குள் போய்விட வேண்டும், அவரிடமே அதைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

இரண்டு டிஸ்கைச் சேர்த்து ஒரு வால்யூம் ஆக்குவது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு டிஸ்கையும் இது இனிமேல் சேமிப்புக்கு என்று அறிவிக்க வேண்டும். இரண்டையும் ஒரு குழுவாகச் சேர்க்க வேண்டும். குழுவிலிருந்து வேண்டிய அளவு இடத்தை வெட்டி எடுத்தால் அதுதான் வால்யூம். நான் அதையும் சாதாரணமாகச் செய்யவில்லை. ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் அப்படியே எழுதப்படும்படி இரட்டையாகச் செய்தேன், ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிஸ்க் புதிதே ஆனாலும், வேலையை ஆரம்பிக்கும் முன் அதன் முதல் நூறு மெகாபைட்டைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடுவேன். ஏதோ ஒரு காலத்தில் பழைய டிஸ்க் ஒன்றின் மிச்சம் மீதி என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. அன்றிலிருந்து இந்தச் சுத்தம். பூஜ்யம் நிரப்புகிற அந்தக் கமாண்ட் ஒரு கேள்வி கேட்காது. எந்த எழுத்தைக் கொடுக்கிறோமோ அதில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அடுத்து வருகிற கமாண்ட் அப்படி இல்லை. டிஸ்கின் தலைப்பகுதியை எட்டிப்பார்த்து, இதில் ஏற்கெனவே ஏதோ பூட்டு இருக்கிறதே, அழிக்கட்டுமா என்று கேட்கும். என் சுத்தம் முடிந்த பிறகு அது எட்டிப்பார்த்தால் பூஜ்யம்தான் இருக்கும். கேட்பதற்கு அதற்கு எதுவும் இல்லை.

தாளைப் பார்த்து அடித்தேன். பி. சி. மூன்று டிஸ்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. எல்லாம் ஒரு மறுப்பும் இல்லாமல் ஓடியது. வால்யூம் தயார் என்றது திரை. வாயில் ஏதோ பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டி-யின் பூட்டைத் திறக்கும் கமாண்டை அடித்தேன். இது பூட்டுப்போட்ட டிஸ்கே இல்லை என்றது மெஷின். ஒயர் தளர்ந்திருக்கும் என்று திட்டிக்கொண்டே எழுந்து சர்வரின் தலைமேல் இருந்த டிஸ்கிடம் போனேன்.

அதன் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. விடாமல், மூச்சு வாங்குகிற மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது.

யாரும் திறக்காத டிஸ்க் அது. அதில் யாரும் எதையும் படிக்கவில்லை, எழுதவில்லை. விளக்கு சும்மா எரிய வேண்டும், அவ்வளவுதான். நான் அதைத் தூக்கிப் பின்பக்கம் ஒட்டியிருந்த சீரியல் நம்பரைப் பார்த்தேன். திரைக்கு வந்து, வால்யூமில் சேர்ந்திருக்கும் டிஸ்குகளின் சீரியல் நம்பரைக் கேட்டேன். பி என்ற வரியில் அதே நம்பர் வந்தது. கடைசி நான்கு இலக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டேன். மறுபடி ஒப்பிட்டேன். இரட்டை ஆக்கும் வேலை ஆறு சதவீதம் முடிந்தது என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்று எழுதினால் அது குறைச்சல். நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதன் கைப்பிடிமேல் உட்கார்ந்து விழப்பார்த்தேன். எழுந்ததும் என் புத்தி செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? யார் மேல் பழியைப் போடலாம் என்று தேடியது. டிஸ்கைச் சொருகியது யார்? நான். தாளில் எழுதியது? நான். லேப்டாப் பிரதியை அழிக்கவைத்தது? பூட்டுப்போடச் சொன்னது? அந்தப் பூட்டின் விவரம் முழுக்க டிஸ்கின் தலைப்பகுதியில்தான் இருக்கும், அது போனால் பாஸ்வேர்ட் தெரிந்தாலும் திறக்க முடியாது, ஆகவே அதைத் தனியாக ஒரு பிரதி எடுத்துவையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னது? நான்தான். எடுத்துவைக்காததும் நான்தான்.

எழுதும் வேலையை நிறுத்தினேன். பயன் இல்லை என்று தெரிந்துதான் நிறுத்தினேன். ஆயிரத்து இருநூறு வாக்கியமும் பெரும்பாலும் அந்த டிஸ்கிலேயே இருந்தன. ஆனால் பூட்டை உருக்கியாயிற்று. இனி உலகத்தில் எவராலும் அதைத் திறக்க முடியாது, அதற்காகத்தானே அந்தப் பூட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மணி பத்து இருபது.

பேச்சு டீச்சரின் அறைக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அவர் ஒரு குழந்தைக்கு மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் குழந்தையின் அம்மாவை வெளியே இருக்கச் சொன்னார். நான் இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அவர் நான் எதிர்பார்த்தபடி கத்தவில்லை. மெழுகுவர்த்தியை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்கிட்ட ஒண்ணும் இல்ல மேடம்," என்றார். "நீங்க சொன்னீங்கன்னு ரீசைக்கிள் பின்னைக்கூட காலி பண்ணிட்டேன்."

மெழுகுவர்த்தியை மேசைமேல் வைத்தார். பிறகு அவர்தான் தெளிந்தார். அவசரத்துக்கு என்று ஐம்பது வாக்கியங்கள் கொண்ட ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறதாம். இருபது நிமிஷம் போதும். அதை வைத்தும் குரல் செய்யலாம், ஆனால் நூறு நாள் பழகியவரைப் போட்டோவில் பார்க்கிற மாதிரிதான் இருக்கும், அதுவும் இப்போது அவருக்கு இருக்கிற குரலில் என்று இழுத்தார். நான் மைக்கை எடுங்கள் என்றேன்.

தொண்டை டாக்டரை லிஃப்ட் வாசலில் பிடித்தேன். நான் செய்ததைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. திரையில் எழுதி ஒட்டிய பாஸ்வேர்டுக்காக என்னிடம் எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டவர், அன்று ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாட்சைப் பார்த்தார். அத்தானுக்கு மயக்கத்துக்கு முந்தைய மருந்து இன்னும் கொடுக்கவில்லை என்று போனில் உறுதி செய்துகொண்டார். "பதினொண்ணே கால் வரைக்கும் தரேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது," என்றார்.

அத்தான் பச்சை கவுனில் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அக்கா கீழே ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தாள். அதற்கு மட்டும் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அத்தான் என்னைப் பார்த்து, ஏற்றியாச்சா என்று கையாலேயே கேட்டார். குரலை மிச்சம் பிடிப்பதற்காக அந்த வாரம் முழுக்க அவர் சைகையில்தான் பேசினார்.

நான் அவர் முன்னால் நின்றேன். எவ்வளவோ சுற்றிவளைக்கலாம் என்று யோசித்தபடிதான் போனேன்.

"அத்தான், உங்க குரல் போச்சு. நான் அழிச்சுட்டேன். தப்பான டிஸ்க்."

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்றே நினைத்தார். என் பின்னால் டீச்சர் மைக்கும் ஒயருமாக வந்து நின்றதைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. கண் மட்டும் மாறியது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறாத முகம் அது. அதில் பயம் வந்து உட்காருவதை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

"எல்லாமா?" என்றார். பாதி காற்றாக வந்தது.

நான் தலையை ஆட்டினேன்.

அந்த மாடியில் சத்தம் இல்லாத இடம் ஒன்றுதான்: படுக்கை விரிப்புகள் அடுக்கிவைக்கிற அறை. நான்கு சுவருக்கும் கூரை வரை வெள்ளைத் துணி. வெளியே யார் நடந்தாலும் உள்ளே கேட்காது. டீச்சர் ஒரு விரிப்புக் கட்டின் மேல் அத்தானை உட்காரவைத்தார். நான் எதிரே தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன். டீச்சர் தாளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"மழை வரும் போலிருக்கு." "கதவைச் சாத்து." "நீ எப்ப வந்தே?" "எனக்கு அந்தச் சட்டைதான் வேணும்." இப்படி ஐம்பது. எல்லா ஒலியும் வருகிற மாதிரி டீச்சரே எழுதியவை, யாரையும் எதுவும் செய்யாத வாக்கியங்கள். அத்தான் ஒவ்வொன்றாகப் படித்தார். தொண்டை அடைக்கும், தண்ணீர் குடிப்பார், மறுபடி படிப்பார். மழை வரும் போலிருக்கு என்பதை, வீட்டில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று சொல்ல ஓடிவந்தவர் மாதிரிப் படித்தார். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள் என்று டீச்சர் கெஞ்சினார். நிதானமாகத்தான் படிக்கிறேன் என்று சைகை காட்டினார் அத்தான். நான் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. எண்ணிக்கை ஏற ஏற, உயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது எனக்கு.

ஐம்பதும் முடிந்தபோது நான்கு நிமிஷம் மிச்சம் இருந்தது. சிரிப்பு ஒன்று எடுத்துவிடலாமா என்றார் டீச்சர். அத்தான் முயற்சி செய்தார். நிஜமாகவே முயற்சி செய்தார், பல்லெல்லாம் தெரிந்தது. வந்தது இருமல். இரண்டாவது முறையும் இருமல்தான். டீச்சர் மைக்கை அணைத்துவிட்டார்.

கதவைத் தட்டினார்கள். அத்தான் எழுந்து கவுனைச் சரிசெய்துகொண்டார். போகிற வழியில் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அக்காகிட்ட நீ எதுவும் சொல்லாத. நான் சொல்லிக்கிறேன்."

அந்தத் தொண்டையிலிருந்து வந்த கடைசி வார்த்தைகள் அவை. மைக்கில் அவை இல்லை.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. கட்டி முழுக்கப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது அக்கா என் மேல் சாய்ந்து அழுதாள். நான் மரக்கட்டை மாதிரி நின்றேன். அடுத்த பதினாறு நாளும் அவள் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தாள். "நீ அதை பத்திரமா எடுத்து வெச்சதாலதான் எனக்கு தூக்கமாவது வருது," என்று ஒருநாள் சொன்னபோது நான் கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். அக்காவிடம் சொல்லிவிடட்டுமா என்று அத்தானைக் கேட்டால், காத்திரு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

பதினேழாம் நாள் பேச்சு டீச்சர் டேப்லெட்டைக் கொண்டுவந்தார். அக்கா தலையை வாரி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காருகிற மாதிரிக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தாள். அத்தானின் கழுத்தில் கட்டு. அவர் நிதானமாக, ஒற்றை விரலால் எழுதினார். எழுதிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பொத்தானை அமுக்கினார்.

"முதல்ல பண்ணது எனக்கு பிடிக்கல. ஆபரேஷன் அன்னிக்கு மறுபடியும் பண்ணோம்."

அது அத்தானின் குரல்தான், சந்தேகமே இல்லை. கரகரப்பு, காற்று, எல்லாம் அவருடையது. ஆனால் இருட்டில் எதையோ மிதித்துவிட்டவனின் குரல் அது. ஒவ்வொரு வார்த்தையும் நடுங்கியது. கடைசி வார்த்தையில் அழுகைக்கு முன்னால் வருகிற அந்த விக்கல்கூட இருந்தது. ஐம்பது வாக்கியத்திலிருந்து மெஷின் கற்றுக்கொண்டது அத்தானின் குரலை மட்டும் இல்லை. அந்த இருபது நிமிஷத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிட்டது. துணி அடுக்கிய அந்த அறையில் நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேனே, அப்போது நாங்கள் சேமித்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "யாரு இது?" என்றாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "அவருதான். ஆனா இவரு இப்படி பேசி நான் கேட்டதே இல்லையே."

அத்தான் பதறிப்போய் வேகமாக எழுதினார். டேப்லெட் அதே நடுக்கத்தோடு, "ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றது. கேட்பதற்குக் கழுத்தில் கத்தி வைத்துச் சொல்லவைத்தது போல இருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"அத்தான் பொய் சொல்றார்க்கா. பத்து நாள் எடுத்தது எல்லாத்தையும் நான்தான் அழிச்சேன். ஆபரேஷனுக்கு முன்னாடிதான் அவர்கிட்ட சொன்னேன். பயந்துபோய் இருக்கிறவரை உட்கார வெச்சு எடுத்தது இது."

அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பேச்சு டீச்சர் பக்கம் திரும்பி, இந்த டேப்லெட்டை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும் என்று கேட்டாள். டீச்சர் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஜன்னலருகே போய் நின்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

குரலைக் கொஞ்சம் மென்மையாக்க முடியுமா என்று டீச்சர் எவ்வளவோ பார்த்தார். நடுக்கத்தைக் குறைத்தால் அத்தானும் சேர்ந்து குறைந்தார். யாரோ செய்தி வாசிக்கிற மாதிரி ஆயிற்று. அத்தான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் என் மேல் விசாரணை வைத்தார்கள். எல்லாவற்றையும் நானே எழுதிக்கொடுத்தேன். இப்போதெல்லாம் டிஸ்கின் சீரியல் நம்பரை இரண்டு பேர் வாய்விட்டுப் படிக்காமல் அங்கே ஒரு கமாண்ட் ஓடாது. என்னைக் கறார் என்று யாரும் கூப்பிடுவதும் இல்லை.

ஐந்து வாரம் அக்கா என்னோடு பேசவில்லை. போனை எடுக்கவில்லை, வாசல் வரை போனால் தூங்குகிறாள் என்று அவள் மகள் வந்து சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தானின் டேப்லெட்டிலிருந்து அழைப்பு வந்தது.

"சீக்கிரம் வீட்டுக்கு வா," என்றது அந்தக் குரல். விக்கி விக்கி, உயிர் போகிற மாதிரி. "அக்கா," என்றது. அதோடு போன் கட்டாகிவிட்டது.

செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினேன். வழியில் இரண்டு சிக்னலை மதிக்கவில்லை. மாடிப்படியை எப்படி ஏறினேனோ தெரியாது. கதவை இரண்டு கையாலும் தட்டினேன். உள்ளே யாரோ வேகமாக நடந்து வருகிற சத்தம் கேட்டபோது, கேட்கப்போகிற செய்திக்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அக்காதான் கதவைத் திறந்தாள். நன்றாக இருந்தாள். கையில் கரண்டி. அவளுக்குப் பின்னால் அத்தான் சாப்பாட்டு மேசையில் எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். அக்கா சமைத்திருக்கிறாள், ஆறுவதற்குள் வா என்று சொல்லத்தான் கூப்பிட்டாராம். பாதியில் சார்ஜ் போய்விட்டதாம்.

எனக்கு இன்னும் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா கரண்டியோடு என் எதிரே நின்று, மாறியிருந்த என் செருப்பைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படி ஓடுறேன்," என்றாள். "கண்ணாடி எங்கன்னு கேட்பாரு. நான் ஈரக்கையோட ஓடுவேன். நேத்து ராத்திரி போர்வை வேணும்னு சொன்னாரு, எனக்கு அரை மணி நேரம் நெஞ்சு அடங்கல. தெரிஞ்சும் ஓடுறேன்டி. இனிமே ஆயுசுக்கும் ஓடணும்."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள், சார்ஜில் போட்டிருந்த டேப்லெட்டிடம் அத்தான் போய்விட்டிருந்தார். தண்ணீர் வேண்டும் என்று உள்ளிருந்து அந்தக் குரல் அலறியது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உள்ளே ஓடினோம்.